வீட்டில் எலிகளைப் பொறி வைத்துப் பிடித்தல்: பாதுகாப்பான முறைகள்

வீட்டில் எலி நடமாட்டம் தென்பட்டால் அதனைக் கட்டுப்படுத்தப் பொதுமக்கள் கையாளும் வழிகள் இரண்டு. ஒன்று நஞ்சு வைத்தல். மற்றொன்று பொறி வைத்துப் பிடித்தல். பேச்சுவழக்கில் எலி நஞ்சினை ‘எலி மருந்து’ என்று அழைக்கிறோம். அது மருந்தன்று, மனிதரையும் கொல்லக்கூடிய கொடிய நஞ்சு. ஆகவே, வீடுகளில் முதலில் நாட வேண்டிய வழி பொறியே ஆகும். எனினும், பொறியை முறையின்றி வைத்தால் எலி சிக்காது. சிக்கிய எலியை முறையின்றிக் கையாண்டால் நோய் தொற்றும். பொறியைப் பயனுள்ள வகையிலும் பாதுகாப்பாகவும் பயன்படுத்துவது எப்படி என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எலிகளை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

எலிகளால் மனிதருக்குப் பரவும் நோய்களுள் நம் மாநிலத்தில் முதன்மையாகக் கருத வேண்டியது எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகும். லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீர் வழியே வெளியேறுகிறது. எலிக்கு இதனால் பெரும்பாலும் எவ்விதத் துன்பமும் இல்லை. ஆனால் அந்தச் சிறுநீர் கலந்த நீரோ ஈர மண்ணோ மனிதரின் தோலிலுள்ள சிறு காயம், வெடிப்பு, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்படலம் ஆகியவற்றில் பட்டால் கிருமி உடலுக்குள் நுழைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை எலி வளைகளில் நீர் புகுவதால் எலிகள் உலர்ந்த இடம் தேடி வீடுகளுக்குள் வருகின்றன. அதே காலத்தில் தெருக்களிலும் நீர் தேங்குவதால் நோய்ப் பரவலுக்கான வாய்ப்பு மிகுகிறது.

இதுவன்றி, எலிக்கடிக் காய்ச்சல், உணவு நஞ்சாதல் ஆகியவையும் எலிகளால் நேரிடக்கூடும். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணிகளும், பிளேக் நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளும் எலிகளின் உடலில் ஒட்டி வாழ்பவை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது எதையேனும் கொறித்துக்கொண்டே இருக்கும். மின்கம்பியின் உறையும் சமையல் எரிவாயுக் குழாயும் கொறிக்கப்படுவதால் தீ விபத்துகளும் நேரிடுகின்றன.

நஞ்சு ஏன் வேண்டாம்?

கடைகளில் விற்கப்பட்டுவந்த எலிப் பசைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் என்னும் வேதிப்பொருள் 3 விழுக்காடு கலந்திருக்கும். இதன் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்துள்ளது. பழைய குழாய்கள் வீட்டின் பரணிலோ அலமாரியிலோ இன்னும் இருக்கலாம். அவை பற்பசைக் குழாய் போன்ற தோற்றம் கொண்டவை. பற்பசை என்று எண்ணி அதனால் பல் துலக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. தின்பண்டத்தில் தடவி எலிக்கு வைத்ததைக் குழந்தை எடுத்து உண்ட நிகழ்வுகளும் உண்டு.

இந்நஞ்சின் கொடுமை, அது காட்டும் பொய்யான தெளிவில் உள்ளது. உட்கொண்ட முதல் நாளில் வாந்தி, வயிற்றுவலி ஆகியவை தோன்றும். அடுத்த ஓரிரு நாள்கள் நோயாளி நலமடைந்ததுபோல் இருப்பார். சிலர் மருத்துவமனையிலிருந்து வற்புறுத்தி வீடு திரும்பிவிடுவதும் உண்டு. அதன் பின்னர் மஞ்சள் காமாலை தோன்றி, கல்லீரல் செயலிழக்கும். இதற்கு நேரடியான முறிமருந்து இல்லை.

மற்ற நஞ்சுகளும் தீங்கற்றவை அல்ல. கேக் வடிவில் விற்கப்படும் புரோமடையோலோன் இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள்கள் கழித்து உட்கசிவை உண்டாக்கும். துத்தநாக பாஸ்பைடு, அலுமினிய பாஸ்பைடு ஆகியவை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். மூடிய அறையில் உறங்குவோரின் உயிருக்கே அது கேடாக முடியும். அலுமினிய பாஸ்பைடை வீட்டில் ஒருபோதும் வைத்திருக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது வெளிப்படையாகப் பேசப்பட வேண்டியது. மன உளைச்சலின் உச்சத்தில் ஒருவர் தவறான முடிவை நோக்கிச் செல்லும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையெனில், அவர் பிழைப்பதற்கான வாய்ப்பு பெருகுகிறது. எலிக்காக வாங்கி வைத்த நஞ்சு வீட்டிலுள்ள ஒருவரின் உயிரைப் பறித்த துயரத்தை அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் தொடர்ந்து கண்டுவருகின்றன. பொறியினால் அத்தகைய இழப்பு நேராது.

வந்திருப்பது எந்த எலி?

பொறியின் அளவையும் வைக்கும் இடத்தையும் தீர்மானிக்க, எலியின் வகையை அறிவது அவசியம்.

1. சுண்டெலி: உருவில் மிகச் சிறியது. புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமுடையது. இரு முனைகளும் கூர்மையாக இருக்கும். அலமாரி, அரிசிப் பானை, துணி மூட்டை ஆகியவற்றின் அருகே வாழும். தன் இருப்பிடத்திலிருந்து சில மீட்டர் தூரத்திற்குள்ளேயே இரை தேடும்.

2. வீட்டெலி: வால் உடலைவிட நீளமானது, காதுகள் பெரியவை. புழுக்கை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கூரை, பரண், உத்தரம், குழாய் ஆகியவற்றின் வழியே ஏறி இறங்கும்.

3. பெருச்சாளி: பருத்த உடலும் முரட்டு மயிரும் கொண்டது. சாக்கடை ஓரம், கொல்லைப்புறம், வீட்டின் அடித்தளம் ஆகியவற்றில் வளை தோண்டும். இதற்குப் பெரிய கூண்டு தேவை.

நீண்ட கூர்மூக்கும் கடும் நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. அது கரப்பான் முதலிய பூச்சிகளை உண்டு வாழ்வது. கூண்டில் சிக்கினால் கையால் தொடாமல் வெளியே விட்டுவிடலாம்.

பொறியின் வகைகள்

அடிபொறி: பலகையின் மீது விற்சுருளால் இயங்கும் கம்பி பொருத்தப்பட்டது. எலி இரையைத் தொட்டவுடன் கம்பி அடித்து உடனே கொன்றுவிடும். சுண்டெலிக்குச் சிறியதும் வீட்டெலிக்குப் பெரியதும் தேவை. சுண்டெலிப் பொறியில் வீட்டெலி சாகாது. காயத்துடன் தப்பி, மீண்டும் பொறியின் பக்கம் வராது.

கூண்டுப் பொறி: கம்பி வலையாலோ மரப்பெட்டியாலோ ஆனது. எலி உயிருடன் சிக்கும். குழந்தைகள், வளர்ப்பு விலங்குகள் உள்ள வீடுகளுக்கு இது ஏற்றது. ஒரே இரவில் பல எலிகள் நுழையக்கூடிய கூண்டுகளும் கிடைக்கின்றன.

பசை அட்டை: இதனைத் தவிர்க்க வேண்டும். ஒட்டிக்கொண்ட எலி பல மணி நேரம் துடித்துச் சாகிறது. அச்சத்தில் சிறுநீரும் மலமும் கழிப்பதால் நோய்த்தொற்று அபாயம் கூடுகிறது. பல்லி, அணில், குருவி ஆகியவையும் சிக்கிக்கொள்கின்றன. இத்தகைய அட்டைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களை அறிவுறுத்தியுள்ளது.

பொறி வைப்பதற்கு முன்

வீட்டில் உணவு திறந்து கிடக்கும்வரை எலிக்குப் பொறியிலுள்ள இரை தேவைப்படாது. எனவே, அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றை இறுக மூடிய எவர்சில்வர் அல்லது தகரக் கலன்களில் வைக்க வேண்டும். இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவிவிட வேண்டும். குப்பைக் கூடை, நாய் பூனைகளின் உணவுத் தட்டு ஆகியவற்றைத் திறந்து வைக்கக் கூடாது.

வெளியிலிருந்து எலி வரும் வழிகளையும் அதே வாரத்தில் அடைக்க வேண்டும். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும்; பெருவிரல் நுழையும் துளை வீட்டெலிக்குப் போதுமானது. பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பிச் சுருளைத் துளையில் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். துணி, காகிதம், மரத்துண்டு ஆகியவற்றை எலி கொறித்துவிடும். கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பி வலை இட வேண்டும்; கதவின் அடியிலுள்ள இடைவெளிக்குத் தகரப் பட்டை அடிக்க வேண்டும்.

பொறி வைக்கும் முறை

1. எண்ணிக்கை: ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பதே பொதுவாக நிகழும் தவறு. பெண் எலி ஏறக்குறைய மூன்று வாரக் கருக்காலத்தில் ஓர் ஈற்றுக்கு ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். இரண்டு நாளுக்கு ஓர் எலி வீதம் பிடிப்பது அதன் பெருக்கத்தை ஈடுசெய்யாது. இரண்டு அறைகள் கொண்ட சிறு வீட்டிலும் நான்கு முதல் ஆறு பொறிகளை ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். அத்தனை பொறிகளையும் வாங்க இயலாதவர்கள், தெருவிலுள்ள சில வீட்டாருடன் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் கொடுக்கும் முன் பொறியைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

2. இடம்: எலி அறையின் நடுவே ஓடுவதில்லை, மீசை மயிர் சுவரில் உரசும்படி ஓரமாகவே செல்லும். புழுக்கை, கொறித்த தடம், சுவரில் படிந்த கரிய எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை அதன் பாதையைக் காட்டும். பாதை தெரியாவிட்டால், இரவில் சுவரோரம் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் தெரியும். அடிபொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். கூண்டினைச் சுவரை ஒட்டி நீளவாக்கில், வாயில் எலி வரும் திசையை நோக்கியிருக்க வைக்க வேண்டும். சுண்டெலிக்கு 2 முதல் 3 மீட்டர் இடைவெளியிலும், வீட்டெலிக்கு 4 முதல் 6 மீட்டர் இடைவெளியிலும் பொறிகள் அமையலாம். வீட்டெலிக்குப் பரண், உத்தரம் ஆகியவற்றிலும் பொறியைக் கட்டி வைக்க வேண்டும்.

3. இரை: சுட்ட தேங்காய்க் கீற்று, கருவாடு, மசால் வடை, வறுத்த நிலக்கடலை ஆகியவை மணத்தால் எலியை ஈர்க்கும். அவ்வீட்டில் எலி எதைத் தின்று பழகியிருக்கிறதோ அதனை வைப்பது மேலும் பயன் தரும். பட்டாணி அளவு போதும். பெரிய துண்டாக வைத்தால் பொறியை இயக்காமலேயே ஓரத்தைக் கடித்து இழுத்துச் சென்றுவிடும். இரையை நூலால் இறுகக் கட்டுவது நல்லது.

4. பழக்குதல்: சுண்டெலி புதிய பொருளை உடனே நாடிப் பார்க்கும் இயல்புடையது. வீட்டெலியோ புதிய பொருளைக் கண்டு சில நாள்கள் விலகிச் செல்லும். ஆகவே, வீட்டெலிக்கு முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியை இயக்க நிலையில் வைக்காமல் இரையை மட்டும் வைக்க வேண்டும். இரை உண்ணப்படுவது உறுதியான பின், ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் இயக்க நிலையில் வைக்க வேண்டும்.

5. நேரம்: எலி இரவில் நடமாடுவது. ஆகவே, குழந்தைகள் உறங்கிய பின் பொறியை வைத்து, விடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். பகலிலும் வைத்திருக்க நேர்ந்தால், இருபுறமும் துளையிட்ட மரப்பெட்டிக்குள் அடிபொறியை வைத்து மூடிவிட வேண்டும்.

சிக்கிய எலியை அப்புறப்படுத்துதல்

பொறியில் எலி சிக்கியதும் பணி முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. நோய் தொற்றும் வாய்ப்பு மிகுந்த கட்டம் இதுவே. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் கை கால்களில் காயம் உள்ளவர்களும் இப்பணியைச் செய்யக் கூடாது.

• கைகளில் ரப்பர் கையுறையோ, கிழியாத தடித்த நெகிழிப் பையோ அணிந்துகொள்ள வேண்டும். காலணி அணியாமல் அவ்விடத்திற்குச் செல்லக் கூடாது.

• இறந்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடி வெளியேறும். எனவே, தாமதிக்காமல் எலியைப் பையிலிட்டு இறுகக் கட்டி, மற்றொரு பையிலும் இட்டுக் கட்ட வேண்டும்.

• கிணறு, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்குத் தொலைவில் இடமிருந்தால், பையிலிருந்து எடுக்காமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, நாய் கிளறாதவாறு மூட வேண்டும். இடமில்லாதவர்கள் கட்டிய பையைத் தனியே வைத்து, உள்ளே எலி இருப்பதைக் கூறித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். தெருவிலோ சாக்கடையிலோ திறந்த குப்பையிலோ வீசுவது, அதைக் கையால் அள்ள நேரும் தூய்மைப் பணியாளருக்கு நோயைக் கொடுப்பதாகும்.

• உயிருடன் சிக்கிய எலியைக் கூண்டின் கம்பிகளுக்கு இடையே விரலை நீட்டியோ, கூண்டை உடலோடு அணைத்தோ எடுத்துச் செல்லக் கூடாது. கூண்டைப் பழைய துணியால் மூடி, கைப்பிடியைப் பற்றி எடுக்க வேண்டும். அருகிலுள்ள தெருவில் விட்டால் அது திரும்பிவிடும் அல்லது அடுத்த வீட்டிற்குள் நுழையும். ஏரி, குளம், கால்வாய் ஓரங்களில் விடுவதும் தகாது. அப்புறப்படுத்தும் முறை குறித்து உள்ளாட்சி அமைப்பின் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்வது நல்லது. கொதிநீர் ஊற்றுதல், தீயிடுதல் போன்ற கொடிய செயல்களைச் செய்யக் கூடாது.

• ஒரு லிட்டர் நீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலைப் பொறியின் மீதும், எலி சிறுநீர், புழுக்கை உள்ள இடத்தின் மீதும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் கிருமி கலந்த தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசலுடன் ஆசிட் வகைகளைக் கலக்கக் கூடாது. கழுவிய பொறியை வெயிலில் உலர்த்த வேண்டும்.

• இறுதியில் கையுறையுடனேயே கைகளைச் சோப்பால் கழுவி, கையுறையைக் கழற்றிய பின் மீண்டும் ஒரு முறை கழுவ வேண்டும்.

தொடர்ந்து ஒரு வாரம் எலி சிக்காமலும், தூவிய கோலமாவில் தடம் பதியாமலும் இருந்தால் எலிகள் ஒழிந்தன எனக் கொள்ளலாம். அதன் பின்னரும் மாதம் ஒருமுறை சுவரோரங்களையும் அடைத்த துளைகளையும் பார்வையிட வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

எலி கடித்தால்: காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஆகியவற்றை வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி தேவைப்படலாம். வீட்டெலிக் கடிக்கு வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எனினும் அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சல் வந்தால்: எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் பொதுவாக 5 முதல் 14 நாள்களில் தோன்றும், ஒரு மாதம் வரை தாமதமாகவும் தோன்றலாம். குளிருடன் கூடிய காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்காலில் தொட்டாலே வலி, கண் சிவத்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல் ஆகியவை நோய் முற்றியதைக் காட்டும். தொடக்கத்திலேயே வந்தால் டாக்சிசைக்கிளின், பென்சிலின் போன்ற மருந்துகளால் குணப்படுத்த இயலும். கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ‘வீட்டில் எலி பிடித்தேன்’ என்ற ஒரு சொல்லை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்; நோயை விரைந்து கண்டறிய அது உதவும்.

நஞ்சினை உட்கொண்டிருந்தால்: அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. பால், எண்ணெய், முட்டை, உப்புக் கரைசல் எதையும் கொடுக்கக் கூடாது. பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து உடலில் விரைவாகச் சேரும். நஞ்சின் உறையையோ குழாயையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டாம் நாள் நோயாளி நலமாகத் தோன்றினாலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை வீட்டிற்கு அழைத்துச் செல்லக் கூடாது.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• உணவை மூடி வைத்து, துளைகளை அடைத்து, அதன் பின் பொறி வைக்க வேண்டும்.
• ஒரு பொறி போதாது. பல பொறிகளைச் சுவரோரமாக ஒரே இரவில் வைக்க வேண்டும்.
• எலியையும் பொறியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.
• எலி பிடித்த ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வந்தால் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும்.
• வீட்டில் பழைய எலிப் பசையோ கேக்கோ உள்ளதா என்று இன்றே தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால், குழந்தைகளுக்கு எட்டாதவாறு எடுத்து, குப்பையிலோ சாக்கடையிலோ போடாமல், அப்புறப்படுத்தும் முறையைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.